கினபாலு மலை ஏறப் போகிறீர்களா? டிக்கெட் எடுப்பதற்கு முன் ஒரு நிமிடம்

நூறு வெள்ளி நோட்டின் பின்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தால் ஒரு மலை தெரியும். சபா மாநிலத்தின் கொடியிலும் அதே மலைதான். நம் நாட்டிலேயே மிக உயரமான கினபாலு மலை. அதன் உச்சியான லோ சிகரத்தின் உயரம் 4,095 மீட்டர்.

சில ஆண்டுகளாக நம்மவர்களிடையே மலையேற்றம் பரவலாகிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை காலையில் புரோகா மலைக்கோ ஆங்சி மலைக்கோ போனால் தமிழ்க் குரல் கேட்காமல் இறங்க முடியாது. அடுத்தது என்ன என்ற பேச்சு எழும்போது யாராவது ஒருவர் “கினபாலு” என்று சொல்லிவிடுவார். உடனே வாட்ஸ்அப்பில் ஒரு குழு உருவாகும். பத்துப் பேர் பெயர் கொடுப்பார்கள். விமான டிக்கெட் மலிவு விலையில் வந்தவுடன் வாங்கியும் விடுவார்கள். தங்குமிடம், அனுமதி, உடல்நிலை ஆகியவை பற்றிய கேள்விகள் அதற்குப் பிறகுதான் வருகின்றன. வரிசை தலைகீழாக இருப்பதால் பணமும் போகிறது, சில வேளைகளில் ஆளும் ஆபத்தில் மாட்டிக்கொள்கிறார்.

முதலில் படுக்கை, பிறகு விமானம்

கினபாலு 1964-ல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. 2000-ஆம் ஆண்டு யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்றது. இன்று அதைச் சபா பூங்கா வாரியம் நிர்வகிக்கிறது. நினைத்த நாளில் போய் ஏறிவிட முடியாது. அனுமதிச் சீட்டு, காப்புறுதி, மலை வழிகாட்டி மூன்றும் கட்டாயம். வழக்கமான பயணம் இரண்டு நாள், ஓர் இரவு. அந்த ஓர் இரவை 3,272 மீட்டர் உயரத்தில் உள்ள பானாலாபான் பகுதியில் கழிக்க வேண்டும். பழையவர்கள் அதை லாபான் ராத்தா என்பார்கள். அங்கே படுக்கைகள் எத்தனையோ அத்தனை பேர்தான் ஏற முடியும். ஒரு நாளைக்கு இருநூறு பேருக்கும் குறைவு.

ஆகவே பள்ளி விடுமுறை, நீண்ட வார இறுதி போன்ற நாள்களுக்குப் பல மாதங்களுக்கு முன்பே இடம் நிரம்பிவிடும். ஆறு மாதத்துக்கு முன் பதிவு செய்வது நல்லது. படுக்கை உறுதியான பிறகுதான் விமான டிக்கெட். மலேசியக் குடிமக்களுக்கு அனுமதிக் கட்டணம் வெளிநாட்டவரைவிடக் குறைவு என்பதால் பதிவின்போது அதைக் கேட்டு வாங்க மறக்க வேண்டாம். சைவ உணவு வேண்டும் என்பதையும் அப்போதே எழுத்தில் சொல்லிவிடுவது நல்லது. அங்கே போய்ச் சொன்னால் வெள்ளைச் சோறும் கீரையும்தான் மிஞ்சும்.

இன்னொன்று, தீபகற்பத்திலிருந்து போகிறவர்களுக்கும் சபாவில் குடிநுழைவுச் சோதனை உண்டு. அடையாள அட்டையோ கடப்பிதழோ கையில் இருக்க வேண்டும். அடையாள அட்டையின் நகலும் கைப்பேசியில் எடுத்த படமும் உதவாது. சிவப்பு அடையாள அட்டை வைத்திருக்கும் நம் மக்கள் இன்றும் தோட்டப்புறங்களில் இருக்கிறார்கள். அவர்கள் பணம் கட்டுவதற்கு முன்பே தங்களுக்கு என்ன ஆவணம் தேவை என்று குடிநுழைவுத் துறையிடம் நேரில் கேட்டுவிடுவது நல்லது. கோத்தா கினபாலு விமான நிலையத்தில் நின்று தெரிந்துகொள்ள வேண்டிய செய்தி அல்ல அது.

சுற்றிவரும் பாதை இப்போது இல்லை

கினபாலு சென்று வந்த மூத்தவர்கள் சிலர், “மெசிலாவ் வழியாக ஏறு, திம்போஹோன் வழியாக இறங்கு. வந்த வழியே திரும்ப வேண்டியதில்லை” என்று சொல்லக் கேட்கலாம். ஒரு காலத்தில் அது உண்மை. மெசிலாவ் பாதை நீளமானது, அழகானது. குடுவைத் தாவரங்கள் நிறைந்தது. இரண்டு பாதைகளும் லாயாங்-லாயாங் என்ற இடத்துக்கு அருகில் ஒன்று சேரும். அப்படிச் சுற்றி வருவதைத்தான் அனுபவசாலிகள் விரும்பினார்கள்.

2015 ஜூன் 5-ஆம் தேதி காலை ஏழேகால் மணியளவில் ரானாவ் பகுதியை ஒரு நிலநடுக்கம் உலுக்கியது. அந்த நேரத்தில் உச்சிக்குப் போனவர்கள் இறங்கிக்கொண்டிருந்தார்கள். பாறைகள் சரிந்து 18 பேர் மாண்டனர். சிங்கப்பூரிலிருந்து வந்திருந்த தொடக்கப்பள்ளி மாணவர்களும் ஆசிரியர்களும் அவர்களில் அடங்குவர். தங்கள் பொறுப்பில் இருந்தவர்களோடு நின்ற மலை வழிகாட்டிகளும் இறந்தார்கள். கழுதைக் காது என்று பெயர் பெற்ற இரட்டைப் பாறைமுனையில் ஒன்று உடைந்து விழுந்தது. மெசிலாவ் பாதை அன்று சிதைந்ததோடு சரி. இன்று ஏறுவதும் இறங்குவதும் திம்போஹோன் வழியேதான். பானாலாபானுக்கு மேலே உச்சிக்குப் போகும் பாதையும் நிலநடுக்கத்துக்குப் பிறகு புதிதாக அமைக்கப்பட்டது. பழைய பயணக் குறிப்புகளை வைத்துத் திட்டம் போடுகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

இப்போதும் சுற்றுப்பாதை கேட்பவர்களுக்கு வியா ஃபெராட்டா என்ற ஒன்று உண்டு. உச்சியிலிருந்து இறங்கும்போது செங்குத்தான பாறைச் சுவரில் பதித்த இரும்புக் கம்பிகளைப் பிடித்தபடி, இடுப்பில் பாதுகாப்பு வார் கட்டிக்கொண்டு வேறு வழியாகப் பானாலாபானுக்கு வருவது அது. தனிக் கட்டணம், தனிப் பயிற்சி. உச்சிக்குப் போய்வரும் களைப்போடு மேலும் சில மணி நேரம் பாறையில் தொங்க வேண்டும். முதன்முறை போகிறவர்கள் அதைத் தள்ளிவைப்பதே புத்திசாலித்தனம்.

கணக்கு என்ன சொல்கிறது?

திம்போஹோன் வாசல் 1,866 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கிருந்து பானாலாபான் 6 கிலோமீட்டர். அங்கிருந்து உச்சி இன்னும் 2.7 கிலோமீட்டர். போக வர மொத்தம் பதினேழரை கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவு. தூரத்தை மட்டும் பார்த்தால், “இவ்வளவுதானா?” என்று தோன்றும். பார்க்க வேண்டியது உயரத்தை. வாசலிலிருந்து உச்சிக்கு 2,229 மீட்டர் மேலேற வேண்டும்.

பத்துமலையை வைத்துப் பார்த்தால் எளிதாகப் புரியும். அங்கே 272 படிகள். ஒரு படி 15 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொண்டால், முழுவதும் ஏறினால் சுமார் 41 மீட்டர். அப்படியானால் கினபாலு என்பது பத்துமலைப் படிகளை ஐம்பத்து நான்கு தடவை ஏறுவதற்குச் சமம். பிறகு அத்தனையையும் இறங்க வேண்டும். கடைசி இருபது தடவை குளிரில், இருட்டில், காற்று குறைந்த இடத்தில்.

முதல் நாள் ஏற்றத்துக்குச் சராசரி ஆளுக்கு நான்கு முதல் ஆறு மணி நேரம் ஆகும். வழியில் காண்டிஸ், ஊபா, லோவி, மெம்பெனிங், லாயாங்-லாயாங், வில்லோசா, பாக்கா என்று ஓய்வுக் குடில்கள் வரும். ஒவ்வொன்றிலும் கழிவறையும் மலைநீர்த் தொட்டியும் உண்டு. அது சுத்திகரிக்கப்படாத நீர். பலர் அப்படியே குடிக்கிறார்கள். வயிறு ஒத்துக்கொள்ளாதவர்கள் கீழிருந்தே தண்ணீர் கொண்டு போகலாம்.

மூச்சு ஏன் முட்டுகிறது?

மேலே போனால் ஆக்சிஜன் குறையும் என்பது பொதுவான பேச்சு. உண்மையில் காற்றில் ஆக்சிஜனின் பங்கு எங்கும் 21 விழுக்காடுதான். குறைவது காற்றழுத்தம். பானாலாபானில் அது கடல் மட்டத்தில் இருப்பதில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு. உச்சியில் அறுபது விழுக்காடு. ஒரு முறை மூச்சிழுத்தால் கிடைக்கும் ஆக்சிஜனும் அதே அளவுக்குக் குறையும்.

உடல் அதை ஈடுகட்ட வேகமாக மூச்சு வாங்கும், இதயம் வேகமாகத் துடிக்கும். மூச்சு வேகமானால் கரியமில வாயு அதிகமாக வெளியேறி, இரத்தத்தின் காரத்தன்மை கூடும். அதைக் கண்ட மூளை, தூக்கத்தில் மூச்சுக்குத் தடை போடும். அதனால்தான் அங்கே படுத்தவர்கள் திடுக்கிட்டு எழுந்து மூச்சை இழுக்கிறார்கள். சிறுநீரகம் இந்தக் காரத்தைக் கழித்துச் சமநிலைக்குக் கொண்டுவர ஓரிரு நாள் ஆகும். உடல் மலைக்குப் பழகுவது என்பதன் தொடக்கம் இதுதான்.

அந்த ஓரிரு நாளை கினபாலு பயணம் நமக்குத் தருவதில்லை. மூவாயிரம் மீட்டருக்கு மேல் போகிறவர்கள் தூங்கும் உயரத்தை ஒரு நாளைக்கு 500 மீட்டருக்கு மேல் கூட்டக்கூடாது என்பது உயர்மலை மருத்துவத்தின் பொதுவான அறிவுரை. கிள்ளானிலோ சுங்கைப்பட்டாணியிலோ முதல் நாள் இரவு படுத்தவர், மறுநாள் இரவு 3,272 மீட்டரில் படுத்தால் என்ன ஆகும்? தலைவலி, குமட்டல், பசியின்மை, தலைசுற்றல், காரணமில்லாத சோர்வு. உயரத்துக்கு வந்து சேர்ந்த ஆறிலிருந்து பன்னிரண்டு மணி நேரத்துக்குள் இவை பெரும்பாலும் தலைகாட்டும். பிற்பகல் மூன்று மணிக்குப் பானாலாபான் சேர்ந்தவருக்கு அது இரவு ஒன்பதிலிருந்து விடியற்காலை மூன்று வரை. உச்சிக்குக் கிளம்பும் நேரமும் அதுதான். எத்தனையோ பேர் கட்டிலில் இருந்து எழ முடியாமல் போவதற்குக் காரணம் இந்த நேரப் பொருத்தம்.

இதற்கும் உடல்வலுவுக்கும் தொடர்பில்லை. மராத்தான் ஓடுகிறவருக்கும் வரும், வெற்றிலை போடும் பாட்டிக்கு வராமலும் போகலாம். வலுவானவர்கள் வேகமாக ஏறிவிடுவதால் அவர்களே அதிகமாக மாட்டிக்கொள்வதும் உண்டு. நடந்துகொண்டே ஒரு முழு வாக்கியத்தைத் திணறாமல் சொல்ல முடிந்தால் வேகம் சரி. முடியாவிட்டால் குறைக்க வேண்டும்.

செய்யக்கூடிய நல்ல காரியம் ஒன்று உண்டு. ஏறுவதற்கு முதல் நாள் இரவு கோத்தா கினபாலுவில் தங்காமல், பூங்காத் தலைமையகத்திலோ குண்டசாங்கிலோ தங்குவது. பூங்காத் தலைமையகம் நகரிலிருந்து சுமார் 90 கிலோமீட்டர், இரண்டு மணி நேரப் பயணம், 1,500 மீட்டருக்கு மேல். ஓர் இரவு முழுத் தீர்வு ஆகாது. ஆனாலும் கடற்கரையிலிருந்து நேராக வருவதைவிட எவ்வளவோ மேல். அதிகாலை நான்கு மணிக்குக் கிளம்பும் அலைச்சலும் மிச்சம்.

அசிட்டசோலமைட் என்ற மாத்திரையைப் பலர் எடுத்துக்கொள்கிறார்கள். டயாமாக்ஸ் என்றால் பலருக்குத் தெரியும். சிறுநீரகம் செய்யும் வேலையை அது விரைவுபடுத்துகிறது. விரல் நுனிகள் கூசும், அடிக்கடி சிறுநீர் போகும். சல்ஃபா வகை மருந்து ஒத்துக்கொள்ளாதவர்கள் கட்டாயம் மருத்துவரிடம் அதைச் சொல்ல வேண்டும். நண்பர் கொடுத்த மாத்திரையை மலையில் முதன்முறையாக விழுங்கிப் பார்ப்பது கூடாது. தூக்க மாத்திரையும் மதுவும் இரவு மூச்சை இன்னும் மந்தமாக்கும் என்பதால் இரண்டையும் கீழேயே விட்டுவிட வேண்டும்.

தலைவலி வந்தால் ஓய்வும் பாராசிட்டமாலும் தண்ணீரும் போதுமானதாக இருக்கலாம். தலைவலியோடு வாந்தி எடுத்தால் மேலே போகக்கூடாது. சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்குதல், இருமலோடு நுரை, பேச்சில் குழப்பம், நேர்கோட்டில் குதிகாலும் நுனிக்காலும் ஒட்டி நடக்கச் சொன்னால் தள்ளாடுதல் ஆகியவை நுரையீரலிலோ மூளையிலோ நீர் கோத்துக்கொண்டதற்கான அறிகுறிகள். அதற்கு முதல் மருந்து இறங்குவது. விடியட்டும் என்று காத்திருக்கக்கூடாது.

இனிப்பு நீர் உள்ள அப்பாவைக் கூட்டிச் செல்லலாமா?

பிள்ளைகள் கோலாலம்பூரில் வேலைக்குப் போய்ச் சொந்தக் காலில் நின்ற பிறகு, “அப்பாவையும் ஒரு தடவை கூட்டிக்கொண்டு போகலாம்” என்று நினைப்பது இயல்பு. அப்பா பால்மரம் வெட்டியவராக இருப்பார். அறுபது வயதிலும் நடையில் பிள்ளைகளைத் தோற்கடிப்பார். கூடவே இனிப்பு நீரும் இரத்த அழுத்தமும் இருக்கும். நம் வீடுகளில் இது எவ்வளவு சகஜம் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

இனிப்பு நீர் இருந்தாலே ஏறக்கூடாது என்று இல்லை. அது கட்டுக்குள் இருக்கிறதா என்பதுதான் கேள்வி. பதிவு செய்வதற்கு முன்பே அரசாங்க கிளினிக்கில் மருத்துவரைப் பார்த்து, “4,000 மீட்டர் உயரம், இரண்டு நாள், ஒவ்வொரு நாளும் ஐந்தாறு மணி நேர நடை” என்று எண்களோடு சொல்ல வேண்டும். “மலை ஏறப் போகிறேன், டாக்டர்” என்று மட்டும் சொன்னால் அவர் பினாங்குக் கொடிமலையை நினைத்துக்கொள்ளக்கூடும். இதய நோய் இருந்தவர்களுக்கும், நடக்கும்போது நெஞ்சில் இறுக்கம் வருகிறவர்களுக்கும் இதயப் பரிசோதனை தேவைப்படும். ஆஸ்துமா உள்ளவர்கள் இன்ஹேலரைச் சட்டைப் பையில் வைத்திருக்க வேண்டும். சுமைதூக்கியிடம் கொடுக்கும் பையில் வைக்கக்கூடாது.

இனிப்பு நீர்க்காரர்களுக்கு மலையில் மூன்று சிக்கல்கள். நீண்ட ஏற்றத்தில் சர்க்கரை வேகமாக இறங்கும். வழக்கமான அளவு மருந்து போட்டுக்கொண்டு, குமட்டலால் சாப்பிடாமல் நடந்தால் இன்னும் இறங்கும். நடுக்கம், வியர்வை, தலைசுற்றல் வந்தால் அது சர்க்கரைக் குறைவா, உயர நோயா என்று பார்த்த மாத்திரத்தில் சொல்ல முடியாது. இரண்டும் ஒன்றுபோல் இருக்கும். சோதித்துப் பார்த்தால்தான் தெரியும். ஆனால் சோதிக்கும் கருவியும் குளிரில் தவறான எண்ணைக் காட்டலாம் அல்லது வேலை செய்யாமல் போகலாம். கருவி, சோதனைத் தாள், இன்சுலின் எல்லாவற்றையும் உள்சட்டைக்கு அருகில், உடல் சூட்டில் வைத்திருக்க வேண்டும். உறைந்த இன்சுலின் பயனற்றது. சந்தேகம் வந்தால் முதலில் இனிப்பைக் கொடுப்பதுதான் பாதுகாப்பு. பேரீச்சம்பழம், கடலை மிட்டாய், குளுக்கோஸ் மாத்திரை எதுவானாலும் சரி. உடன் வரும் பிள்ளை ஒருவராவது அந்தக் கருவியை இயக்கத் தெரிந்திருக்க வேண்டும்.

பாதத்தில் உணர்ச்சி குறைந்தவர்கள் கொப்புளத்தை உணரமாட்டார்கள். பானாலாபானில் இரவு காலுறையைக் கழற்றி இன்னொருவர் விளக்கைப் பிடித்துப் பார்த்துவிடுவது நல்லது. அப்பா வேண்டாம் என்றுதான் சொல்வார். விடக்கூடாது.

மூன்று மாதப் பயிற்சி

வாரத்துக்கு மூன்று நாள் படியேற்றம், ஒரு நாள் நீண்ட மலைநடை. இதை மூன்று மாதம் செய்தால் சாதாரண உடல்நிலை உள்ளவர் தயாராகலாம். படிக்குச் சுற்றுலாத்தலம் தேவையில்லை. மலிவு விலை அடுக்குமாடிகளில் குடியிருப்போருக்கு வாசலிலேயே பயிற்சிக்கூடம் இருக்கிறது. மின்தூக்கி அடிக்கடி பழுதாவதற்கும் ஒரு பயன் உண்டு. செம்பனைத் தோட்டத்தில் இருப்பவர்கள் மேட்டு நிலத்துச் செம்மண் சாலையில் முதுகில் ஐந்து கிலோ சுமையோடு நடக்கலாம்.

மலைகளில் ஒரு வரிசை வைத்துக்கொள்ளலாம். நெகிரி செம்பிலானில் ஆங்சி, 825 மீட்டர். கெடாவில் ஜெராய், 1,217 மீட்டர். ஜொகூரில் லேடாங், 1,276 மீட்டர். பிறகு சிலாங்கூரின் நுவாங், 1,493 மீட்டர். நுவாங் மலையை ஒரே நாளில் ஏறி இறங்கி, மறுநாள் காலையில் மாடிப்படி இறங்க முடிகிறது என்றால் கால்கள் கினபாலுவுக்கு அருகில் வந்துவிட்டன. ஆனால் இவற்றில் எதுவும் உயரத்துக்கு உடலைப் பழக்காது. அது வேறு, கால் வேறு.

பலரும் தவறவிடுவது இறக்கத்தை. இரண்டாம் நாள் உச்சியிலிருந்து வாசல் வரை 2,229 மீட்டர் ஒரே நாளில் இறங்க வேண்டும். படிகள் சீரற்றவை. சில இடங்களில் முழங்கால் உயரம். இறங்கும்போது தொடைத் தசை நீண்டபடியே சுமையைத் தாங்குவதால் நார்கள் அதிகம் சேதமாகும். பயிற்சியில் ஏறிய அளவுக்கு இறங்கியும் பழக வேண்டும். மின்தூக்கியில் இறங்கினால் பாதிப் பயிற்சிதான். கைத்தடி இரண்டு இருந்தால் முழங்காலுக்குப் பெரிய உதவி. கால்நகத்தைப் போவதற்கு மூன்று நாள் முன்பே வெட்டிவிட வேண்டும். நீண்ட நகம் காலணியின் முனையில் இடித்து இடித்துக் கறுத்துப் போகும்.

கம்போங் அடிடாஸும் பண்டல் கடையும்

காலணி என்றதும் ஐந்நூறு வெள்ளிக்கு யோசிக்க வேண்டியதில்லை. மலை வழிகாட்டிகளும் சுமைதூக்கிகளும் பலர் போட்டிருப்பது கறுப்பு ரப்பர் காலணி. கம்போங் அடிடாஸ் என்ற செல்லப்பெயர் அதற்கு. பால்மரம் வெட்டப் போனவர்கள் வீடுகளில் அது வாசலில் கிடந்திருக்கும். அடியில் உள்ள குமிழ்கள் ஈரப் பாறையையும் சேற்றையும் நன்றாகப் பிடிக்கும். நனைந்தாலும் கவலையில்லை. ஆனால் மெத்தென்று இருக்காது, குளிரைத் தடுக்காது, பழகாத காலைக் கடித்துவிடும். தடித்த காலுறையோடு பல முறை நடந்து பழகியிருந்தால் எடுத்துப் போகலாம். எந்தக் காலணியானாலும் புதிதாக வாங்கி மலையில் திறப்பதுதான் பெரிய தவறு.

உச்சியில் விடியற்காலை வெப்பநிலை பூச்சியத்தை ஒட்டி இருக்கும். காற்று வீசினால் அதைவிடக் குளிராகத் தெரியும். வியர்வையை உறிஞ்சிக் காயும் உள்சட்டை, அதன்மேல் கம்பளியோ ஃபிலீஸோ, எல்லாவற்றுக்கும் மேலே காற்றையும் மழையையும் தடுக்கும் சட்டை என மூன்று அடுக்கு வேண்டும். பருத்திச் சட்டையும் ஜீன்ஸும் நனைந்தால் காயாது, உடல்சூட்டைத் திருடும். குளிர்ச்சட்டையைப் பண்டல் கடைகளில் தேடினால் குறைந்த விலையில் நல்லதே கிடைக்கும். கையுறை, காதை மூடும் தொப்பி, தலைவிளக்கு, மாற்று மின்கலம், வெயில் களிம்பு ஆகியவையும் வேண்டும். துணிகளை நெகிழிப் பைக்குள் கட்டி அதன்பிறகு முதுகுப்பையில் வைக்க வேண்டும். மழை எந்த மாதத்திலும் பெய்யும். பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை சற்றுக் காய்ந்திருக்கும் என்பது பொதுக்கணக்கு. கைப்பேசியும் குளிரில் சீக்கிரம் அணைந்துவிடும், உடலோடு ஒட்டி வைத்திருந்தால் படம் எடுக்க மிஞ்சும்.

பாரம் அதிகமானால் சுமைதூக்கிகளிடம் கொடுக்கலாம். கிலோ கணக்கில் கூலி. அவர்களும் வழிகாட்டிகளும் பெரும்பாலும் மலையைச் சுற்றியுள்ள கிராமங்களின் டூசுன் மக்கள். மலாய் தெரிந்தால் போதும், நன்றாகப் பழகுவார்கள். கினபாலு அவர்களுக்கு இறந்தவர்களின் ஆன்மா உறையும் இடம். ஆண்டுதோறும் மலையின் ஆவிகளுக்குச் சேவல், முட்டை, வெற்றிலை, பாக்கு, சுண்ணாம்பு வைத்துச் சடங்கு செய்கிறார்கள். காவல் தெய்வத்துக்குப் படையல் போட்டு வளர்ந்த நம்மவர்களுக்கு இது விளங்காத விஷயமில்லை. மலையில் கூச்சல் போடாதீர்கள் என்று வழிகாட்டி சொன்னால் காரணம் கேட்காமல் அடங்கிவிடலாம்.

இரவு இரண்டு மணி

பானாலாபானில் மாலை உணவை நேரத்தோடு முடித்து ஏழெட்டு மணிக்கே படுத்துவிடுவார்கள். தூக்கம் வராவிட்டாலும் படுத்திருப்பதே ஓய்வு. இரண்டு, இரண்டரை மணிக்குப் புறப்பாடு. தலைவிளக்குகள் வரிசையாக மேலே போகும் காட்சி, விடியலுக்கு முன் தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு வெட்டுக்காட்டுக்குப் போனவர்களுக்குப் பழைய நினைவைத் தரும்.

முதலில் மரப்படிகள், பிறகு கயிற்றைப் பிடித்து ஏறும் பாறை. 3,668 மீட்டரில் சாயாட்-சாயாட் சோதனைச் சாவடி. கழுத்தில் மாட்டிய அனுமதி அட்டையை அங்கே காட்ட வேண்டும். குறித்த நேரத்துக்குள் சேராதவர்களை அங்கிருந்தே திருப்பி அனுப்பிவிடுவார்கள். கனமழை பெய்தால் உச்சிப் பாதையையே மூடுவார்கள். பாறையில் நீர் ஓடை போலப் பாயும்போது கயிறு இருந்தும் பயனில்லை. கட்டிய பணம் திரும்பக் கிடைக்குமா என்பது பதிவு நிபந்தனையைப் பொறுத்தது. அதைப் பணம் கட்டும்போதே படித்துவிட வேண்டும்.

சாவடிக்கு மேலே மரம் செடி கிடையாது. வெறும் கருங்கல் பரப்பு. வெள்ளைக் கயிறு ஒன்று வழிகாட்டும். மூடுபனி இறங்கினால் பத்தடி தள்ளி நிற்பவர் தெரியமாட்டார். 2001-ல் குடும்பத்தோடு வந்த ஒரு பிரிட்டிஷ் இளம்பெண் இப்படித்தான் பனிமூட்டத்தில் வழி தவறி உயிரிழந்தார். வழிகாட்டியையும் கயிற்றையும் விட்டு, படம் எடுப்பதற்காகக்கூட விலகக்கூடாது.

தீபகற்பத்துக்காரர்கள் மறந்துவிடும் ஒரு செய்தி உண்டு. கடிகாரம் ஒன்றுதான், சூரியன் வேறு. சபாவில் ஆறு மணிக்கே விடிந்துவிடும், அதேபோல மாலை ஆறரைக்குள் இருட்டிவிடும். காலையில் உச்சியில் அரை மணி நேரத்துக்கு மேல் நின்று படம் எடுத்துவிட்டு, பானாலாபானில் மெதுவாகப் பசியாறி, பதினொரு மணிக்குமேல் இறங்கத் தொடங்குகிறவர்கள் கடைசி இரண்டு கிலோமீட்டரைத் தலைவிளக்கோடு நடக்க நேரிடலாம். அதற்கும் மின்கலம் மிச்சம் இருக்க வேண்டும்.

திரும்பும் விமானத்தை அன்றிரவே போடுவது சிக்கனமாகத் தெரியும். முழங்கால் மடங்காத நிலையில், ஈரத்துணியோடு, இரண்டு மணி நேர மலைச்சாலையில் நேரத்தோடு போட்டி போட வேண்டியிருக்கும். மறுநாள் மாலைக்குப் போடுவது நல்லது. தீவுகளுக்குப் போய் ஆழ்கடல் முக்குளிக்கும் எண்ணம் இருந்தால் அதை மலைக்குப் பிறகு வைத்துக்கொள்ள வேண்டும். முக்குளித்து ஒரு நாள் முழுதாகக் கழியாமல் உயரத்துக்குப் போவது ஆபத்து. வேலை செய்கிறவர்கள் ஊர் திரும்பிய மறுநாளுக்கும் சேர்த்து விடுப்பு எழுதிவிடலாம். முதலாளிக்கு எப்படி விளக்குவது என்பது அவரவர் பாடு. மாடியில் வீடு உள்ளவர்கள் அந்த இரண்டு நாள் பின்பக்கமாகத்தான் படி இறங்குவார்கள்.